கதிரையில் இருந்தவர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளத்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தமக்கையிடம் சொன்னாள்: "என்னை வெறுங் கதிரையோட கதைக்கச் சொன்னவ, அக்கா."

"ஆர், யாழ்ப்பாணத்தில குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்லுற ரீச்சரோ?"

"ஓம். ஜேர்மனிக்குப் போன இவர் அதில இருக்கிறார் எண்டு நினைச்சு, மனசில இருக்கிறதைக் கேளும் எண்டவ."

"அவவின்ர மனுசனே விட்டிட்டுப் போட்டான். அவ உனக்குச் சொல்லுறாவோ?"

"அதுக்குப் பிறகுதான் இந்தப் படிப்பே படிச்சவவாம்."

"சரி, கதிரை என்ன சொன்னது?"

"பிறகு என்னையே அந்தக் கதிரையில இருத்தி, இவரா நினைச்சு மறுமொழி சொல்லச் சொன்னவ."

"நீ என்ன சொன்னனீ?"

"'நான் வரமாட்டன், என்னை எதிர்பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்' எண்டு வாயில வந்திட்டுது. இவர் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. அப்ப சொன்னது ஆர், அக்கா?"