எமிலியாரின் அருளிக்கம்

மேற்றிராணியார் ஆண்டவர் அவர்களுக்கு, தங்கச்சிமடம் பங்குக் கோயிலில் மணியடித்துத் திரி ஏற்றும் கோயிற்பிள்ளை சிலுவைமுத்து எழுதுவது. இங்கே இந்த வாரம் வலையில் சாளை மீன் நன்றாகப் படுகிறது. உங்கள் விசாரணைக் கடிதமும் கிடைத்தது. எங்கள் பங்குச் சாமியாராக இருந்து காலஞ்சென்ற பிரெஞ்சுக்காரர் லம்பேர் சாமியின் இசை நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

லம்பேர் சாமியின் தாத்தாவுக்கு எமில் என்று ஒரு தம்பி. நூறு வருஷத்துக்கு முன் பாரீசில் பியானோ வாசித்தவர். பியானோ, ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா முறை. அவர் கழற்றிப் போட்ட கையுறைக்குச் சீமாட்டிகள் சண்டை போட்டார்களாம். அப்புறம் வேறொருவன் வந்தான். ஊர் அவனைத் தூக்கிக்கொண்டு இவரை மறந்தது. வாடகை அறையில் தனியாகச் செத்தார். மிச்சம் ஒரு படமும், அவர் கைப்பட எழுதிய ஒரே ஒரு இசை நோட்டும். அதை யாராவது மறுபடி வாசிக்க வேண்டும் என்பதுதான் சாமியின் ஆசை.

படத்தில் தோள்வரை முடி. கண் மேலே பார்க்கும். சாமியின் அறை கூட்ட வந்த மிக்கேலம்மாள், "இவுக எந்தப் புனிதரு?" என்று கேட்டாள். அவள் புருஷன் கடலுக்குப் போய் மூன்று நாளாகியும் திரும்பவில்லை. அழுது வீங்கிய முகத்திடம் பியானோவை எப்படி விளக்குவது? எமிலியார் என்றேன். மறுநாள் அவன் கரையேறிவிட்டான். அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு மெழுகுதிரி, உப்பு, மிளகு என்று நேர்ச்சை வந்தது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் அருளிக்கம் கேட்டார்கள். புனிதரின் எலும்போ துணியோ நம்மிடம் ஏது? இருந்தது அந்த நோட்டுக் காகிதம்தான். தபால்தலை அளவுக்கு வெட்டி, சிவப்புத் துணியில் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இசைப் புள்ளிகள் நெருக்கமாக உள்ள துண்டுகள் பெரிய வள்ளங்களுக்கு, வெற்று ஓரங்கள் கரைவலைக்காரர்களுக்கு. நோட்டு இரண்டு வருஷம் தாங்கியது.

நான் வெட்டத் தொடங்குமுன்பே சாமிக்குக் கண் போய்விட்டது. தினமும் நோட்டைத் தடவிப் பார்ப்பார். அட்டைக்குள் பழைய ஞானோபதேசப் புத்தகத்தை வைத்துத் தைத்திருந்தேன். சாகும்போது, "எமிலை யாராவது நினைப்பாங்களா, சிலுவை?" என்று கேட்டார்.

"அவுக பேரச் சொல்லாம இங்கன ஒரு வள்ளமும் இறங்காது சாமி" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது பாரீசிலிருந்து ஒரு பியானோக்காரர், மேடையில் வாசிக்க அந்த நோட்டைக் கேட்டு உங்களுக்கு எழுதியிருக்கிறார். வெட்டியது நான்தான். வேறு பிரதி உலகத்தில் கிடையாது. ஆனாலும் அவரை வெறுங்கையோடு விட மனம் வரவில்லை. என் பங்குத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை, தலையணைக்கடியில் வைத்தால் போதும், கேட்டது கிடைக்கும் என்று எழுதிவிடுங்கள்.