அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொன்னேன்

மண்ணரை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருவர் நர்ஸ் என்பது பேச்சில் தெரிந்தது.

"நாந்தானுங்க அக்கா, அந்தப் புள்ளையச் சொல்லச் சொன்னேன்," என்றார் நர்ஸ்.

"எந்தப் புள்ளைங்க?"

"ஒடிசாக்காரங்க புள்ளைங்க. எட்டு வயசு. இங்க ஸ்கூல்ல படிக்கறதால தமிழ் பேசும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை வராது. அம்மாவுக்கு ஏழு மாசம், வயித்துல ரெண்டு நாளா அசைவில்லைன்னு ரெண்டு பேரும் வந்தாங்க. ஸ்கேன்ல துடிப்பு இல்லீங்க. 'கண்ணு, பாப்பா உசுரோட இல்ல, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்னு அம்மாகிட்டச் சொல்லு'ன்னேன். புள்ள என்னையே பாத்துச்சு. அப்பறம் என்னமோ சொல்லுச்சு. அம்மா சிரிச்சுட்டே என்னையக் கும்பிட்டுட்டுப் போனா."

"சிரிச்சாளா?"

"அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணுங்க. வெளிய அத்தன கூட்டம். அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டேன்."

பஸ் சிக்னலில் நின்றது.

"அந்தப் புள்ள, பாப்பா தூங்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்குதுங்க. ஒரு வாரம் கழிச்சு அம்மாவக் காச்சலோட தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு நாள்ல அந்தம்மா போயிட்டா."

மற்றவர் "அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

"நேத்து அவங்க ஊட்டுக்குப் போனேனுங்க. அப்பங்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னுதான். அவனுக்கும் தமிழ் வராது. எடுத்துச் சொல்ல அந்தப் புள்ளைய உட்டா வேற ஆளில்ல. ஒண்ணும் கேக்காம திரும்பி வந்துட்டேனுங்க."