அனுப்பாத விண்ணப்பம்

தேநீர் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஹாலிஃபாக்ஸில் எங்கள் தேவாலயக் கூடத்துக்கு வருகிற யாரை வேண்டுமானாலும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அங்கே செவ்வாயும் வியாழனும் முதியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன், படிவம் எனக்குத் தண்ணீர் பட்டபாடு. சம்பளம் கிடையாது. மனைவி போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது?

டோரீன் கிரீன்வுட் அக்டோபரில் வந்தார். எழுபத்தொன்பது வயது. கம்பளி ஆலை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"ஏம்ப்பா, ஹீட்டர் செலவுக்கு கவர்ன்மெண்ட்ல பணம் தர்றாங்களாமே. என்கிட்ட ஒம்பதாயிரத்து நானூறு பவுண்டு சேமிப்பு இருக்கு. என்னைப் பொதைக்கிறதுக்குன்னு வெச்சது, தொட மாட்டேன். அது இருந்தா தர மாட்டாங்களா?"

பத்தாயிரம் வரை சேமிப்பைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அவருக்கு வந்த சொற்ப ஓய்வூதியத்துக்கு அரசின் முதியோர் உதவித்தொகை உறுதி. அது கிடைத்தால் அவர் கேட்ட குளிர்கால ஹீட்டர் பணமும் தானாக வரும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னைக் கட்டினவன் ஒரு நாளாவது இப்படி டீ போட்டிருப்பானா?" என்றார்.

"கொஞ்சம் சிக்கல்தான். வியாழக்கிழமை வாங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

வந்தார். படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டேன். சேமிப்பு கூடுதல், ஆனாலும் முயல்வோம் என்றேன். அடுத்த வாரம் வங்கித் தாள்களைக் கேட்டேன். அதற்கடுத்து கணவரின் இறப்புச் சான்றிதழ். நவம்பரில் அவரே ஒரு வழி சொன்னார்.

"தங்கச்சி மகளுக்கு ஆயிரத்தைத் தூக்கிக் குடுத்துடவா?"

"வேணும்னே குறைச்சீங்கன்னு, அதையும் உங்ககிட்ட இருக்கறதாவே கணக்கு வெப்பாங்க."

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. அவருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

"நல்லா இருக்குப்பா. பொதைக்கக் காசு இருக்கு, பொழைக்கத்தான் இல்ல" என்றார். இருவரும் சிரித்தோம். நான் அவ்வளவு சிரித்துப் பல வருடமாகியிருந்தது.

டிசம்பரில் வீட்டில் ஹீட்டரை அடியோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கையுறையைக் கழற்றாமலே கோப்பையைப் பிடித்துக்கொள்வார். அவர் நாற்காலியைக் கூடத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டேன். அவருக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட் வாங்கி வைத்தேன். மாலை நான்கு வரை பேசிக்கொண்டிருப்போம்.

"எனக்காக இப்படி யாருப்பா அலையறாங்க, கிளிஃப்?" என்பார்.

ஜனவரியில் பனி கொட்டிய வாரம் செவ்வாயும் வரவில்லை, வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை போனேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருந்தது. கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இறந்து இரண்டு நாள் இருக்கும் என்றார்கள். மருத்துவர் குளிர் என்று எழுதினார்.

விசாரணைக்கு வந்து என் மேசை இழுப்பறையில் நீங்கள் எடுத்த படிவம் அவருடையதுதான். அதில் ஒரு குறையும் இல்லை. அக்டோபரில் அனுப்பியிருந்தால் டிசம்பருக்குள் பணம் வந்திருக்கும். அவர் தன் வீட்டிலேயே கதகதப்பாக இருந்திருப்பார். பிறகு கூடத்துக்கு எதற்கு வரப்போகிறார்? அதனால்தான் அனுப்பவில்லை. தெரிந்தே செய்தேன்.

ஆனால் கெட்ட எண்ணம் இருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். மார்ச் பிறந்து குளிர் விட்டதும் அனுப்பிவிடுவதாகத்தான் இருந்தேன்.