குணசீலனின் நல்ல கல்லீரல்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, பச்சைத் தண்ணீர் போதும். மது, புகை, வெற்றிலை எதுவும் எனக்குப் பழக்கமில்லை. என் கல்லீரலைப் பார்த்து டாக்டர்களே பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் ரத்தம் எடுப்பவன் நான். புது மூட்டுவலி மாத்திரையையும் பூஞ்சை மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் தாங்குமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது பாவம் அல்லவா? அதனால் நோயில்லாதவர்களுக்குக் கொடுப்போம்.

குணசீலன் அப்படி வந்தவர்தான், ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுபவர். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே அவருடைய கல்லீரல் என்சைம் எகிறிவிட்டது. விதிப்படி மாத்திரையை நிறுத்தி அவரை அனுப்ப வேண்டும். சொன்னதும் மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரல் கெட்டுப்போச்சுன்னா ஊருல குடிகாரன்னுதானுங்க பேசுவாங்க. எம்புள்ள தீபிகாவுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை ஊட்டுல பேசிட்டிருக்கறோம். நாக்குல ஒரு சொட்டு பட்டதில்லீங்க சாமி."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு யோக்கியனுக்கு அவப்பெயர் வருவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? மறுபடி சோதிக்கலாம் என்று சொல்லி, அவர் பெயர் ஒட்டிய குழாயில் என் ரத்தத்தை நிரப்பி அனுப்பினேன். ரிப்போர்ட் தங்கமாக வந்தது. பாவம், விவரம் தெரியாமல் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒருவருக்குச் செய்துவிட்டு மற்றவர்களை விடுவது ஓரவஞ்சனை. எல்லாருக்கும் கொடுத்தேன். நீங்கள் கைப்பற்றிய குழாய்கள் அத்தனையிலும் ஒரே ஆள் ரத்தம் இருப்பது இதனால்தான். நடுவில் பங்காளி வீட்டுக் கெடா விருந்தில் நான் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் அத்தனை பேருக்கும் ஒன்றாகக் கொழுப்பு ஏறியது. டாக்டர் அதை மாத்திரையின் பக்கவிளைவு என்று எழுதிக்கொண்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

பிறகு குணசீலனுக்குக் கண் மஞ்சளானது. சோறு இறங்கவில்லை, மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். பார்த்ததும் தெம்பாகி அடுத்த மாத்திரையையும் விழுங்கினார். அவர் மனைவி ரஞ்சிதா பயந்துபோய் போன் செய்தபோது அவருக்கும் படித்துக் காட்டினேன். அந்த வாரமே குணசீலன் இறந்துவிட்டார்.

துக்க வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து, ஆள் குடித்தே செத்திருப்பார் போல என்று முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். கல்யாணம் பேசியபடியே நடந்தது. ரஞ்சிதா என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, "நீங்கதானுங்க எங்க குலசாமி" என்று அழுதார்.

மாப்பிள்ளை பொன்னன் நல்ல உழைப்பாளி, மாமனார் மாதிரியே குடிக்காதவர். ஆராய்ச்சியில் காலியான இடத்தில் அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். அவருக்கும் நானே ரத்தம் கொடுக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது அவர் கண் லேசாக மஞ்சளித்திருந்தது. வெயிலாக இருக்கும் ஐயா, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.