திரும்ப வாங்காத கடப்பிதழ்கள்

காப்பார் நகர்க் கையுறை ஆலையின் கண்ணியமே! இருபத்தாறு ஆண்டுகள் ஊழியர் நலப் பிரிவின் உயிராய் உழைத்த உத்தமரே! சிரித்துக்கொண்டே சினந்து, சினந்துகொண்டே சோறு பரிமாறும் எங்கள் சீதாலெட்சுமி அக்கா அவர்களே! வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் கொஞ்சம் பொய் கலப்பது உலக வழக்கம். உங்களுக்கு எழுதுவதில் அதற்கு எங்களுக்குத் துணிவில்லை. வாசிக்கும்போதே எழுந்து வந்து திருத்திவிடுவீர்கள்.

வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த நூற்று நாற்பது தொழிலாளர்களின் கடப்பிதழ்கள், அதாவது பாஸ்போர்ட்டுகள், நம் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தன. உரியவர்களிடமே கொடுங்கள் என்று நிர்வாகத்துக்கு ஏழு கடிதம் எழுதினீர்கள். எட்டாவதை, நம் கையுறைகளை வாங்கும் அந்தப் பெரிய நாட்டுக்கே எழுதினீர்கள். நான்கு ஆண்டுகள் பதில் இல்லை.

பிறகு அந்த நாடு தன் மண்ணில் சொந்தமாய் ஒரு கையுறை ஆலை திறந்தது. திறந்த ஆறாம் மாதம் அதன் மனசாட்சி விழித்துக்கொண்டது! மனித உரிமை மீறல் என்று நம் சரக்கைத் தடுத்தது. இங்கே மூன்று இயந்திர வரிசைகள் நின்றன. காட்டிக்கொடுத்தவர் நீங்கள்தான் என்று நாங்கள் முடிவுகட்டினோம். கேண்டீனில் உங்கள் மேசையில் இரண்டு மாதம் ஒருவரும் உட்காரவில்லை. அக்கா, அதற்காக வெட்கப்படுகிறோம், மன்னித்துவிடுங்கள்.

ஆய்வு என்றால் நம் ஆலையில் ஒரு நடைமுறை உண்டு. விடுதிக்குப் புதுச் சாயம், கட்டிலுக்குப் புது விரிப்பு, தொழிலாளர் கையில் காலையில் கடப்பிதழ். மாலையில் அது மீண்டும் அலமாரியில். அந்நாட்டு அதிகாரிகள் வந்த அன்றும் அப்படியே கொடுத்தோம். அவர்களில் ஒருவரிடம் நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதை எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள்: "பதினஞ்சு வருஷமா இந்த கிளவுஸத்தானே போட்டீங்க? அப்பெல்லாம் இவங்க மனுஷங்களா தெரியலையான்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு லா."

மாலையில் மேலாளர் சோலையப்பன், "அக்கா, ஆடிட் முடிஞ்சிருச்சி, பாஸ்போர்ட்ட கலெக் பண்ணிடுங்க" என்றார்.

"வந்தவங்க அக்கறையில எனக்கு நம்பிக்கை இல்ல, பாஸ். ஆனா குடுத்தது குடுத்ததுதான். திரும்ப வாங்க மாட்டேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து கடப்பிதழ்கள் உரியவர்களிடமே இருந்தன. உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் மூன்று வந்தது. பதவி உயர்வு வரவேயில்லை.

அந்த நாட்டில் நோய் பரவிக் கையுறைக்குத் தட்டுப்பாடு வந்ததும் தடை ஒரே வாரத்தில் விலகியது. விடுதியை வந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அன்றுமுதல் நாளிதழ் பிரித்தாலே, "வேண்டாத நாட்டுல நடந்தா மனித உரிமை, வேண்டிய நாட்டுல நடந்தா உள்வீட்டு விவகாரம்" என்று முணுமுணுப்பீர்கள். அடுத்த நொடியே எங்களைப் பார்த்து, "நம்ம மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்பீர்கள். எங்களுக்குச் சுருக்கென்று தைக்கும்.

இனிப் பந்திங் ஊரில் மகள் வாணியின் இல்லத்தில் நோய் நொடியின்றி, நிறைவாய், நெடுங்காலம் வாழுங்கள்! யாரையும் நம்பாத அந்தக் கூர்மை குறையாமல் வாழுங்கள்!

கடைசியாக ஒன்று. அந்தப் பெரிய நாட்டுக்கு மீண்டும் சரக்கு அவசரமாம். இவ்வாண்டு ஆய்வு கிடையாதாம். நீங்கள் ஓய்வுபெற்ற மறுநாளே, அதாவது நாளைக் காலை, கடப்பிதழ்களை எல்லாம் வாங்கிப் பூட்டுமாறு எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திரு. சோலையப்பன் அவர்களே, எங்கள் பதிலை இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
முழுப் பெயரோடு கையொப்பமிடும்
ஊழியர் நலப் பிரிவினர் பதினொரு பேரும்