கொக்கி தைக்கிற நேரத்துக் கதை

— அதான் சொல்லிட்டேன்ல ஹம்சா, வராதேன்னு. இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே.

— பார்க் வாசல்லயே நிறுத்தி வெச்சுண்டு இப்படிச் சொல்றே. நான் என்ன பண்ணினேன் ஜுவேரியா? உங்காத்துக்கு இன்னும் ரெண்டு தெருதானே, நடந்துண்டே பேசலாம் வா.

— நடக்க வாணாம். இந்த பெஞ்சுல குந்து. வூட்டுக்கு வந்தின்னா அம்மி உனக்கு பிஸ்கோத்து தட்டு எடுத்துக்கினு வந்துடும். காலா நகந்து எடம் உட்டுடும். அப்பறம் நான் எங்க வாய தொறக்கறது?

— உங்க காலா ரொம்ப நல்லவா.

— எங்க காலா எப்டின்னு நீ எனக்குச் சொல்றியா? அது எங்க அம்மிக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. நான் பொறந்தப்போ மொத மொதல்ல கைல வாங்கினது அதுதான். உனக்கு எத்தினி நாளா தெரியும், இந்த லீவுலேர்ந்துதானே?

— சரி, சாரி. கோவிச்சுக்காதே.

— நேத்து தண்ணி கேக்கசொல்ல எங்க அம்மிய இன்னான்னு கூப்ட்டே?

— ஆன்ட்டின்னு.

— பொய்யி.

— அம்மின்னு வந்துடுத்து. வாய் தவறித்தான். நீ கூப்பிடறதைக் கேட்டுண்டே இருக்கேனோல்லியோ.

— வாய் தவறி வந்திச்சாம். அதுக்கு அது ‘க்யா பேட்டா’ன்னுச்சு. பேட்டான்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?

— தெரியும். குழந்தேன்னு கூப்பிடறது. உங்க காலாதான் சொல்லிக் குடுத்தா.

— அதும் சொல்லிக் குடுத்தாச்சா. என்ன அது பேட்டான்னு கூப்ட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? எனக்கு ‘ஏய்’. இல்லாட்டி ‘எங்க போச்சு இந்த எருமை’. இவ்ளோதான்.

— எனக்குக்கூடத்தான் ஆத்துல யாரும்...

— உனக்கு இன்னாடி? மந்தவெளில நாலாவது மாடி. தனி ரூமு, ரூமுக்குள்ள ஏசி. லீவு உட்டதும் அடையார்ல நீச்சல் கிளாஸு, கீபோர்டு கிளாஸு. மால்ல படம். எங்க வூட்ல ஒரே ஒரு ஃபேன், அதும் என் தம்பி ஹஸன் மேல மட்டும்தான் அடிக்கும். அந்த வெக்கைல வந்து தெனம் குந்திக்கினு கீறியே, உனக்கு இன்னா வேண்டுதலா?

— நீச்சல் கிளாஸ் போறதில்லே. நிறுத்திட்டேன்.

— ஏன்?

— சாயங்காலம் உங்காத்துல கதை படிக்கணுமே.

— அதான். அதான் நான் சொல்ல வந்தது. அது யார் வேல? உன் வேலையா என் வேலையா?

— உன்னோடதுதான். நான் இல்லேன்னு சொன்னேனா?

— ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஒவ்வொரு லீவுக்கும் நான்தான் படிக்கிறேன். எங்க அம்மிக்கும் காலாவுக்கும் உருது படிக்கத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. தையல் மெஷின் ஓடசொல்ல கத காதுல வுழாதுன்னு கொக்கி வெக்கறது, ஓரம் அடிக்கறது, எல்லாக் கைவேலையும் சாயங்காலத்துக்கு சேத்து வெச்சிக்கினு குந்துவாங்கோ. தி.நகர் கடைலேர்ந்து மூட்ட மூட்டையா முகூர்த்தத்து பிளவுசு வந்துக்கினே கீது. வெரல் தேயுது. அந்த நேரத்துல படிக்கிறவளுக்குத்தான் அங்க மரியாத. ஹஸன்கூட அப்போ வாய தொறக்கக் கூடாது. தெரியுமா?

— தெரியும். அதனாலதான் எனக்கும் பிடிச்சுது.

— நீ உங்க அம்மா பிளவுசு வாங்கத்தான் வந்தே. கொக்கி வெக்கல, கொஞ்சம் குந்தும்மான்னாங்கோ. குந்தினவ குந்தினதுதான்.

— நீதான் தொண்டை காயறதுன்னு தண்ணி குடிக்கப் போனே. ‘நீ கொஞ்சம் படிம்மா’ன்னு உங்க அம்மிதான் புஸ்தகத்தை எங்கிட்ட நீட்டினா. நானாப் பிடுங்கலை.

— நான் சொம்ப கீழ வெச்சிட்டு வர்றதுக்குள்ள நீ கதைல வர்ற மாமியார் கொரல்ல பேசிக்கினு கீறே. காலா சிரிச்ச சிரிப்புல ஊசிய வெரல்ல ஏத்திக்கிச்சு. ரத்தம் வருது, அதப் பாக்காம ‘அப்பறம்? அப்பறம்?’ங்குது. நான் அந்த சொம்போட நின்னுக்கினு இருந்தேன். யாராச்சும் என்ன பாத்தீங்களா?

— பாக்கலை.

— முந்தாநேத்து நீ வர லேட்டு. சரி, நாம படிப்போம்னு புக்க எடுத்தேன். காலா இன்னா சொல்லுச்சு தெரியுமா? ‘இரு, ஹம்சா வரட்டும். நீ படிச்சா ரேஷன் கடைல பேரு கூப்பிடற மாதிரி கீது’ன்னுச்சு. அம்மி ஒண்ணும் சொல்லல. நூலப் பல்லால கடிச்சிக்கினே சிரிச்சுது.

— நீ வேகமாப் படிப்பே. அவ்வளவுதான்.

— ஆறுதல் சொல்றியா? உன் கைல போன வாரம் மருதாணி போட்டது யாரு?

— நீதான். எவ்வளவு அழகாப் போட்டே.

— அத நீ சொல்றே. அம்மி இன்னா சொல்லுச்சு? மருதாணி கோன புடிச்சு முதுகு ஒடிய போட்டது நான். அது உன் கையத் தூக்கிப் பாத்துட்டு, ‘இந்தப் புள்ளைக்கு வெரலு எவ்ளோ நீளமா கீது’ங்குது. டிசைன் இன்னா பாவம் பண்ணிச்சு?

— ஜுவேரியா, நீ அழறியா?

— இல்ல. கண்ணுல பூச்சி. கைய எடு.

— சரி. இன்னிலேர்ந்து நீயே படி. நான் சும்மா ஒக்காந்து கேட்டுண்டிருக்கேன்.

— கேப்பே, கேப்பே. இரு, நான் இன்னும் முடிக்கல. உன்ன மாதிரி கொரல் மாத்திப் படிக்கணும்னுதான் காத்தால புக்க எடுத்துக்கினு பாத்ரூமுக்குள்ள போனேன். அங்கதான் யாரும் சிரிக்க மாட்டாங்க. ஹஸன் கதவத் தட்டி, ‘உள்ள யாரு, மாமியாரா மருமவளா?’ன்னு கேக்கறான்.

— ஐயோ.

— சிரிக்காத. நீ நேத்து படிச்ச எடத்தத் தேடினேன். பெரிய மருமவ ஜோதிலட்சுமி, சின்ன மருமவ லாவண்யா, ரெண்டு பேருக்கும் கிரைண்டர் சண்ட. காணோம். முன்னால தேடினேன், பின்னால தேடினேன். தண்ணி டாங்க்கு சண்ட, காணோம். கல்யாணத்துல பட்டுப்பொடவ சண்ட, அதும் காணோம். எங்க போச்சு ஹம்சா அந்தச் சண்டையெல்லாம்?

— இன்னும் கொஞ்சம் பின்னாடி இருக்கும்.

— இன்னும் பின்னாலயா? அடையாளத்துக்கு வெச்ச லைனிங் துணி கடைசிப் பக்கத்துல கீது. கத போன வாரமே முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல அந்த கம்பெனி போட்ட வேற புக்குங்க பேரு. வாஸ்து, ஊறுகாய் போடறது எப்டி, சர்க்கரை வியாதிக்கு சமையல். அதப் பாத்துக்கினே எங்க அம்மிக்கு நீ சண்ட படிச்சிக்கினு இருந்தே.

— பக்கம்கூடத் திருப்பினேன்.

— திருப்பினே. எச்சி தொட்டுத் திருப்பினே. எதிர்ல குந்திக்கினு நானும் வாயப் பொளந்துக்கினு கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்.

— உங்க அம்மிகிட்ட சொல்லிட்டியா?

— இல்ல. சொல்லத்தான் போறேன். இன்னிக்கு கொக்கி தைக்க குந்தசொல்ல, புக்க நடுவுல வெச்சி சொல்லுவேன்.

— வேண்டாம் ஜுவேரியா. ப்ளீஸ்.

— இன்னா ப்ளீஸ்? அவங்க நெசம்னு நம்பிக்கினு கீறாங்கோ. நேத்து காலா தொழுதுட்டு, துவா கேக்கசொல்ல அந்த லாவண்யாவுக்கும் சேத்துக் கேட்டுச்சு. அல்லா, அந்தச் சின்ன மருமவளுக்குப் பொறும குடுன்னு. இல்லாத மருமவளுக்கு, இல்லாத சண்டைக்கு.

— நெஜமாவா?

— அல்லா மேல சத்தியமா.

— நீ அந்தக் கடைசிப் பக்கம் படிச்சியோ?

— படிச்சேன். வூட்ட ரெண்டாக்கி நடுவுல செவுரு வெக்கறாங்கோ. பெரியவ புள்ளயத் தூக்கிக்கினு அந்தாண்ட போய்டறா. அவ்ளோதான்.

— அதுக்கு அப்பறம் ஒரு வரி இருக்கு. ‘அதற்குப் பின் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை’ன்னு. அந்த வரி வந்துது, அதைப் படிக்க எனக்கு வாய் வரலை. உங்க அம்மி ஊசியைக் கைல பிடிச்சுண்டு என் மொகத்தையே பாத்துண்டிருந்தா. ‘அப்பறம்?’னா. நான் பாட்டுக்கு, ‘அப்போது ஜோதிலட்சுமி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்’னுட்டேன்.

— இரு. கிரைண்டர் சண்ட எங்க வூட்ல நடந்ததாச்சே. அம்மிக்கும் காலாவுக்கும்.

— ஆமாம்.

— டாங்க்கு தண்ணி?

— அதுவும் உங்காத்துதுதான். காலம்பர நடந்ததை நீ எங்கிட்ட ஃபோன்ல சொல்லுவே. சாயங்காலம் நான் பேரை மாத்திப் படிச்சுடுவேன்.

— அடிப்பாவி. அதான் காலா ஜோதிலட்சுமி மேல அவ்ளோ கடுப்புல கீதா. அவ பேசினதெல்லாம் அம்மி பேசினது.

— உங்க அம்மிக்கு லாவண்யாவைக் கண்டாலே ஆகலை, கவனிச்சியோ? ‘அவளுக்கு ரொம்பத் திமிரு’ங்கறா.

— அய்யோ, வவுறு வலிக்குது. ரெண்டும் ஒண்ணுத்த ஒண்ணு திட்டிக்கினு, ஒண்ணாவே குந்தி கொக்கி வெக்குதுங்க. இரு, நான் சிரிக்க மாட்டேன். எனக்குக் கோவம். சிரிக்க வெக்காத என்ன.

— அதுதான் எனக்கு வேண்டியிருந்துது ஜுவேரியா. உங்காத்துல கத்தறா, கதவை சாத்தறா, அப்பறம் பத்து நிமிஷத்துல உங்க அம்மி, ‘அவளுக்கு டீ குடுத்தியா’ன்னு கேக்கறா. எங்காத்துல சண்டையே கிடையாது.

— குடுத்து வெச்சவங்க.

— சத்தமே கிடையாது. அப்பாவும் அம்மாவும் பேசணும்னா வாட்ஸ்அப்ல அனுப்பிப்பா. ஒரே ஆத்துல ஒக்காந்துண்டு. ‘மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு’ன்னு அம்மா அனுப்புவா. அப்பா கட்டைவிரல் படம் ஒண்ணு போடுவார். அன்னிக்குப் பேச்சு அதோட முடிஞ்சுது.

— நல்லாத்தான் கீது. எங்க வூட்லயும் அப்டி இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்.

— தூக்கம் வராது.

— சரி, இப்போ நான் சொல்றதக் கேளு. இன்னிக்கு வா. கடைசியா ஒரு தபா. அந்த நெச முடிவப் படி. செவுரு வெச்சாங்கோ, பேசிக்கல, முடிஞ்சிச்சுன்னு சொல்லிட்டு புக்க என் கைல குடு. அம்மிகிட்ட நான் போட்டுக் குடுக்க மாட்டேன். நாளைலேர்ந்து நீ வராத.

— முடிவை நீயே படிச்சுக்கோ. ரேஷன் கடைக் கொரல்லயே படி. ஆனா வராதேன்னு மட்டும் சொல்லாதே. நான் வாயே தொறக்கலை. கொக்கி தைக்கக் கத்துக்கறேன். அந்த மூலைல ஒக்காந்துக்கறேன்.

— கொக்கியும் கத்துக்குவியா? அதும் என்ன வுட நல்லா தெச்சிடுவே, வெரலுதான் நீளமாச்சே. அப்பறம் எனக்குன்னு இன்னா மிஞ்சும் அந்த வூட்ல?

— நீ மிஞ்சுவே. நீ அவா பொண்ணு.

— வாய் மட்டும் நல்லா பேசறே. இன்னும் ரெண்டு வாரம்தான் லீவு. அப்பறம் ஸ்கூல்ல தெனம் பாத்துக்கலாம். அதுக்குள்ள ஏன் இப்டி தொங்கறே?

— ஸ்கூல் தொறக்கறச்சே நான் இங்க இருப்பேனோ, மாட்டேனோ.

— இன்னா சொல்றே?

— அப்பா ஆஃபீஸ் கிட்டக்க, பெருங்குடில தனியா ஒரு ஃப்ளாட் பாத்துட்டார். அம்மா வேலையை மாத்திண்டு ஹைதராபாத் போறா. நேத்திக்கு நான் உங்காத்துலேர்ந்து திரும்பி வந்தா, ஆத்துல சண்டை. மொத மொதல்ல.

— கத்தினாங்களா?

— கத்தினா. அப்பாக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அம்மா டம்ளரைத் தூக்கிப் போட்டா, அது உருண்டு ஷூ ஸ்டாண்ட் வரைக்கும் வந்துது. உங்காத்து மாதிரியே இருந்துது. செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னேன். கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துது.

— எதுக்கு சண்ட?

— எனக்காகத்தான். நான் யாரோட இருக்கறதுன்னு.

— பாத்தியா. இதுக்குத்தான் எனக்கு வவுறு எரியுது ஹம்சா. அங்கயும் உனக்கு ரெண்டு பேரு. எங்க வூட்ல கிரைண்டருக்கு சண்ட நடந்து கீது, ஃபேனுக்கு நடந்து கீது, பாத்ரூமுக்கு தெனம் நடக்குது. ஜுவேரியா எனக்கு வோணும்னு யாராச்சும் ஒருத்தர் கத்தி இருப்பாங்களா? உன்ன உங்கப்பா ஒரு கையும் உங்கம்மா ஒரு கையும் புடிச்சி இழுக்கறாங்கோ. அது பத்தாதுன்னு எங்க அம்மி வேற. இன்னும் எத்தினி பேருதாண்டி உனக்கு வோணும்?

— அப்படி இழுக்கலை.

— பின்ன எப்டி?

— ‘அவளை உன்னோட அழைச்சுண்டு போயிடு’ன்னு அப்பா கத்தினார். ‘ஏன், நீங்க வெச்சுக்கோங்களேன்’னு அம்மா டம்ளரைப் போட்டா.