சக்கரம் தரையில் நிற்கும் முன்

உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். ஏட்டையா வருத்தப்பட வேண்டாம். போட்ட விதத்தில் குறையில்லை, தூளில்தான் குறை. பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து இந்த மலையில் கொழுந்தை மட்டும் பறிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். முற்றின இலை, காம்பு, தண்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டு அரைக்கிறார்கள். பிறகு ஏலத்தில் எடுக்க ஆளில்லை என்று ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்ததில்லை.

என் பெயர் குமாரசாமி. சொந்த ஊர் கோயம்புத்தூர். குன்னூரில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. தனியாகத்தான் வேலை செய்கிறேன். ஆள் வைத்தும் பார்த்தேன். எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. இந்த ஊரில் இன்னும் ஐந்தாறு பேர் தங்களை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. நானாகத்தான் வந்தேன். அதனால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டால் போதும்.

சரத்தை உங்களுக்குத் தெரியும். கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியும் எஸ்டேட்டும் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயது. விலை விழுந்ததும் அப்பா கோயம்புத்தூரோடு போய் உட்கார்ந்துகொண்டார். ஃபேக்டரியைப் பூட்டுகிற வேலையும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்கிற வேலையும் மகன் தலையில் விழுந்தன. அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உடம்பு, பின்னால் பேருக்கு ஒரு சீட். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது. துடைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்க வேண்டிய வண்டி. இவர் அதைத் தினமும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மே மாதம் அந்த வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். வாசல் மேட்டில் ஏறும்போதே பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். வண்டி நிற்பதற்கு முன்பே நோய் எனக்குத் தெரிந்துவிட்டது. பின் ஆர்ம் புஷ் போயிருந்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது ஒரு இரும்புக் கை. ஆர்ம் என்போம். அந்தக் கை வண்டியோடு சேரும் இடத்தில், இரும்புக் குழாய்க்குள் ரப்பர் வைத்த புஷ் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பவும் தன் நிலைக்கு வரும். ரப்பர் கிழிந்துவிட்டால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நேர் ரோட்டில் தெரியாது. வளைவில், ஈரத்தில் தெரியும்.

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் ஒரே மாதிரி நசுங்கியிருந்தது. ஒற்றை ஆள் ஓட்டுகிற வண்டியில் அப்படித் தேயாது.

“பின்னாடி பாரம் ஏத்தறீங்களா?” என்று கேட்டேன்.

“பாரமில்லீங்கண்ணா, ஆளுங்கதான். ஜீப்பையும் லாரியையும் வித்துட்டனுங்க. இதை மட்டும் வாங்க ஆளில்லை. லயத்துல ஆருக்காவது முடியலைன்னா இதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறேன்.”

பின் சீட்டில் ஒரு பெண்ணின் கம்பளிச் சால்வை கிடந்தது. மருந்துச் சீட்டு ஒன்றும் கிடந்தது. பந்தயத்துக்குச் செய்த வண்டியை ஆம்புலன்ஸ் ஆக்கிவிட்டு, அது ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்கிற மனிதர். நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். இயந்திரத்துக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

புது புஷ்களை அவரே சென்னையில் யாரிடமோ சொல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். வேலையை ஒப்புக்கொண்டேன். மறுநாள் பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது திரும்ப வந்தார். அப்போது வாசலில் டாக்ஸி ஓட்டுகிற ஆறுக்குட்டியும் இன்னும் இரண்டு டிரைவர்களும் நின்றிருந்தார்கள். சரத் கையில் ஒரு தாள். வண்டியின் ரிப்பேர் புத்தகத்திலிருந்து எடுத்த நகல்.

“ஏனுங்கண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டியத் தூக்கி வெச்சமேனிக்கு ஆர்ம் நட்டை இறுக்கீராதீங்க. கீழ எறக்கி, சக்கரம் தரையில நின்னதுக்கப்பறந்தான் இறுக்கோணுமாம். இதுல போட்டிருக்குதுங்க.”

ஆறுக்குட்டி சிரித்தான். “நம்ம குமாரசாமியண்ணனுக்கே பாடமாங்க?” என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். சரத்தும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, தாளை என் டூல்ஸ் பெட்டியின் மேல் வைத்தார்.

“சரிங்க,” என்றேன்.

அந்தத் தாளில் இருந்ததை நான் இருபது வயதில் தெரிந்துகொண்டேன். புத்தகம் படித்து அல்ல, கையால். நான்கு புஷ்ஷையும் ஒரு கீறல் இல்லாமல் பொருத்தினேன். ஆர்மை ஏற்றினேன். வண்டி ஜாக்கியில் நின்றது, பின் சக்கரங்கள் காற்றில் தொங்கின. நட்டுகளை அப்படியே இறுக்கினேன்.

தளர்வாக விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது திருடன் செய்கிற வேலை. முழு இறுக்கம் இறுக்கினேன். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கினதும் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் முறுக்கு. வருடக்கணக்கில் வர வேண்டிய ரப்பர் வாரக்கணக்கில் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் புதிதாக, ஒழுங்காக இருக்கும். இந்த மலையில் இருக்கிற அத்தனை பேரும் தினமும் இப்படித்தான் இறுக்குகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

தென்மேற்கு மழை பிடித்து ஒரு மாதத்தில் கிழியும் என்று மனதில் கணக்குப் போட்டேன். நாலைந்து நாள்தான் முன்னே பின்னே ஆனது.

ஃபேக்டரியைப் பூட்டினவர் மேல் எனக்கு ஆத்திரம் என்று நீங்கள் எழுதினால் கதை சுலபமாக முடியும். அப்படி எதுவும் இல்லை. எனக்குச் சங்கமும் இல்லை, கொடியும் இல்லை. தெரிந்தவனுக்குத் தெரியாதவன் சொல்லிக்கொடுப்பது இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. யாராவது ஒருவர் அதற்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மே மாதம் அது நியாயமாகத்தான் தோன்றியது. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

ஜூன் கடைசியில் சரத் வந்தார். மழையில் நனைந்திருந்தார்.

“வளைவுல பின்னாடி லேசா இழுக்குதுங்கண்ணா. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ.”

ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கிழிய ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேர வேலை. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் தரையில் நிறுத்தி இறுக்கினாலே இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

“புது ரப்பருங்க. படியறதுக்குக் கொஞ்ச நாளாகும்,” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்றார். இந்த முறை தாள் எதுவும் கொண்டுவரவில்லை. நம்பிவிட்டுப் போனார். அந்த மரியாதை வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ஜூலை பத்தாம் தேதி காலை நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. தெய்வம்மா என்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கல்லடைப்பு வலி. சிலோனிலிருந்து வந்த குடும்பம், சரத்தின் எஸ்டேட் லயத்தில்தான் இருந்தார்கள். பின் சீட்டில் அவள் சுருண்டு படுத்திருக்க, முன்னால் அவள் புருஷன் பாண்டியன் உட்கார்ந்திருக்க, சரத் குன்னூருக்கு ஓட்டினார். கோத்தகிரி தாண்டி ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாகத் திரும்பியது. தேயிலைச் சரிவில் மூன்று முறை உருண்டது. சரத்துக்குத் தொடை எலும்பு முறிந்தது. பாண்டியனுக்குச் சிராய்ப்பு. தெய்வம்மா அங்கேயே போய்விட்டாள்.

பின் சீட்டில் ஆள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். யாரென்று தெரியாது, ஆள் இருக்கும் என்று தெரியும். கிழிவதற்கு அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

பிறகு வண்டியைச் சோதித்தவர் அறிக்கை கொடுத்தார். புஷ் கிழிந்ததைச் சரியாகவே பிடித்துவிட்டார். காரணம் எழுதும்போது, முறையான பயிற்சி இல்லாத மெக்கானிக் வேலை தெரியாமல் செய்த தவறு என்று எழுதினார். ஆறுக்குட்டி அதை ஸ்டாண்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். என்னிடம் வழக்கமாக வருகிற இரண்டு வண்டிகள் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த ஊர் என்ன நினைக்கிறது என்று நான் என்றைக்குக் கேட்டேன்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பாண்டியன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நெற்றியில் தையல் போட்ட காயம். கையில் ஒரு பொட்டலம். காரியத்துக்குச் சுட்ட வடை. நின்றுகொண்டே பேசினார்.

“அண்ணே, ஒங்களப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். அந்த வேல தெரியாமத்தான் இப்படி ஆகிப்போச்சுன்னு சொன்னாங்க. எங்க சரத் தொர ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொல்லிவிட்டாங்க, அந்த அண்ணன் மேல கேஸு ஒண்ணும் வேணாமுன்னு. நானும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன்.

“தெரிஞ்சு யாராச்சும் இப்படிச் செய்வாங்களா? நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. சாப்புடுங்க,” என்றார். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெண்டாட்டியைப் புதைத்த மனிதர், எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

இருபத்தாறு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். வேலை ஓடவில்லை. ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அவர் தட்டிக்கொடுத்தது தோளிலேயே இருந்தது.

அதனால் அறிக்கையில் இருக்கிற அந்த வரியை அடித்துவிடுங்கள். வேலை தெரியாமல் அல்ல, தெரிந்து, யோசித்து, நல்ல வெளிச்சத்தில், நிதானமாகச் செய்தேன். முதலில் ஒரு தடவை, ஜூனில் அவர் திரும்ப வந்தபோது இன்னொரு தடவை. தெய்வம்மா செத்தது என்னால்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தண்டனையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. ஒரே ஒரு உதவி. உங்கள் ஜீப் கீழ் கோத்தகிரிப் பக்கம் போனால் பாண்டியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அந்த மனுஷன் இன்னும் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். பாவம், அவருக்கு எதற்கு அந்தக் கஷ்டம்.